ஒண்ணரை அடி கல்லு

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கையெழுத்துதானே? எனக்குப் போடத் தெரியும், கைநாட்டு ஆளு நான் இல்ல. எங்க போடணும்னு பென்சில்ல இன்ட்டு வேற போட்டு வெச்சிருக்கீங்க. எல்லாம் சரி. ஆனா இப்ப போட மாட்டேன்.

கோவிச்சுக்காதீங்க. என் கொல்லையில மிசின நிறுத்தி ஓட்டை போடறதுக்கு நான் குறுக்க நிக்கல. சுரங்கம் வரட்டும், வராமப் போகட்டும், அறுபத்தி மூணு வயசுல எனக்கு என்ன ஆவப்போவுது? எனக்கு வேண்டியது வேற. டீயக் குடிச்சுக்கினே கேளுங்க.

மொதல்ல அந்தப் பழைய ரிப்போர்ட்ட எடுங்க. ஜீப்புல இருக்குதுன்னு உங்க டிரைவரு சொன்னாரே, அதுதான். ஏழாம் நம்பர் ஓட்டையப் பத்தி என்ன போட்டிருக்குதுன்னு படிங்க. எனக்கு இங்கிலீசு வராது, தமிழ்ல சொல்லுங்க.

என்னது? "முக்கியமான இடத்துல ஒண்ணரை அடி கல்லு காணாமப் போச்சு. உள்ளூர்க் கூலியாள் எடுத்திருக்கலாம்." அவ்வளவுதானா? பேரு போடலையா? போடாட்டி என்ன சார், ஊருக்கே தெரியும். அந்த உள்ளூர்க் கூலியாள் நான்தான். பூங்காவனம்.

பாத்தீங்களா, பிஸ்கெட்ட கீழ வெச்சுட்டீங்க. எடுத்துத் தின்னுங்க சார், திருடின காசுல வாங்கினது இல்ல.

நாப்பத்தோரு வருசம் ஆச்சு. அப்ப எனக்கு இருபத்தி ரெண்டு. தலைப்புள்ளைய இடுப்புல வெச்சுக்கினு நிக்கறேன், அந்த மனுசன் வரார். பட்டாபிராமன் சாரு. கவருமெண்டு ஆளு. கையில சுத்தியலு, கழுத்துல கயித்துல கட்டின ஒரு பூதக்கண்ணாடி. பச்சப்பாறையச் சுத்திச் சுத்தி வரார். பாறையத் தட்டி உடைக்கறார், உடைச்ச துண்ட மோந்து பாக்கறார், அப்புறம் நாக்கால நக்கறார்! ஆடு மேய்க்கறவங்கள்லாம் ஓடியாந்து, "ஏம்மா, ஒரு பைத்தியம் கல்ல நக்கிக்கினு திரியுது"ன்னு சொன்னாங்க. நீங்களும் நக்குவீங்களா? சிரிக்கறீங்க, அப்ப நக்குவீங்க.

அந்தப் பாறைக்கு ஏன் பச்சப்பாறைன்னு பேருன்னு நாங்க யாரும் யோசிச்சதே இல்ல. மேல பச்சையா கறை இருக்கும், அதனால பச்சப்பாறை. பக்கத்துல பாண்டவர் குழின்னு ரெண்டு பள்ளம். சுத்தி கருப்பு கருப்பா கிட்டம் கிடக்கும், கொல்லன் உலையில உருக்கிக் கொட்டினாப்ல. பட்டாபி சாருதான் சொன்னாரு. "பாண்டவரும் இல்ல, கௌரவரும் இல்லம்மா. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி இங்க எவனோ செம்பு தோண்டி உருக்கியிருக்கான்"ன்னு. எனக்குப் புரியறாப்ல ஒண்ணு சொன்னாரு பாருங்க, அது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. "உங்க வீட்டுச் செம்புக் குடத்த தேய்க்காம வெச்சா பச்சையா களிம்பு பூக்குதில்ல? இது பாறை பூத்த களிம்பு. அடியில செம்பு இருக்கு. கூடவே ஈயமும் துத்தநாகமும் இருக்கலாம்."

நல்ல மனுசன். அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன். சொல்லுவேன், ஆனா அப்புறமா சொல்லுவேன்.

ரெண்டு வருசம் நடந்தே பாத்தாரு. மூணாம் வருசம் தை பொறந்ததும் மிசின் வந்துச்சு. ஊரே மாலை போடாத கொறை! சுரங்கம் வருது, வீட்டுக்கு ஒரு வேலைன்னு எல்லாரும் கணக்குப் போட்டுக்கினாங்க. என் வூட்டுக்காரர் தேசிங்கு மிசின்ல கொழா மாட்டற வேலைக்குப் போனாரு. நான் பெட்டி வேலைக்குப் போனேன்.

உங்களுக்குத் தெரியாதா என்ன, இருந்தாலும் நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன். ஓட்டை போடப் போட, கொழாக்குள்ள கல்லு வாழத்தண்டாட்டம் உருளையா வரும். அதைத் தட்டி மரப்பெட்டியில கொட்டுவாங்க. வரிசை மாறக் கூடாது. மேல வந்தது மேல, கீழ வந்தது கீழ. எத்தினி ஆழத்துல இருந்து வந்துச்சுன்னு ஒரு மரக்கட்டையில எழுதி நடுவுல செருகுவாங்க. கல்லெல்லாம் சேறு அப்பிக்கினு வரும், ஓட்டைக்குள்ள களிமண்ணக் கரைச்சு ஊத்தறாங்க இல்ல, அந்தச் சேறு. அதைக் கழுவி வரிசை கலையாம அடுக்கணும். அதுதான் என் வேலை. ஒரு துண்டு கூட நான் தலைகீழா வெச்சது இல்ல.

கழுவறதுல என்னை அடிச்சுக்க ஆளு கிடையாது சார். என்கூட கோவிந்தம்மான்னு ஒருத்தி. மேட்டுத்தெரு. அவ கழுவற லட்சணம், சும்மா ரெண்டு சொம்புத் தண்ணி ஊத்திட்டு வெத்தல போடப் போயிடுவா. பட்டாபி சாரே அவளத் திட்டுவாரு. "பூங்காவனம் பெட்டியப் பாரு, அவ பெட்டியில சோறு போட்டுத் தின்னலாம்"பாரு. அந்தக் கோவிந்தம்மா பெட்டியில எல்லாம் ஒரு துண்டு கொறையலையாம். சோம்பேறிக்கு நல்ல பேரு, எனக்குத் திருட்டுப் பட்டம். எங்க போய் முட்டிக்கறது?

ஆறு ஓட்டை முடிஞ்சுது. கொஞ்சம் கொஞ்சம் மினுமினுப்பு, அவ்வளவுதான். ஏழாவது ஓட்டை இதோ இந்தக் கொல்லைக்கு அந்தாண்ட, புளியமரத்துக்கும் கெணத்துக்கும் நடுவுல. நேரா இல்ல, சாய்ச்சுப் போட்டாங்க. அப்ப பெரிய ஆபீசர் வரார்னு சேதி. மெட்ராசுல இருந்தோ கல்கத்தாவுல இருந்தோ. இந்த எடத்துல மேல மேல தோண்டலாமா, மூட்டை கட்டலாமான்னு அவருதான் முடிவு பண்ணணுமாம். பட்டாபி சாருக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவரக் கூட்டியார விழுப்புரம் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து நின்னாரு. "பூங்காவனம், நாளைக்கு ஏழாம் நம்பர் பெட்டியத்தான் மொதல்ல காட்டப் போறேன். ஒரு பொட்டு சேறு இருக்கக் கூடாது. கல்லு பளிச்சுனு இருக்கணும்." இதே வார்த்தை. பொட்டு சேறு இருக்கக் கூடாது.

அன்னிக்கு மத்தியானம் நூத்தி எம்பதாவது அடியில இருந்து ஒரு கொழா வந்துச்சு. என் வூட்டுக்காரரே தட்டிக் கொட்டினாரு. "ஏ, பாத்துடி, இதுல சேறு ஜாஸ்தி"ன்னாரு. அப்பா, சேறுன்னா சேறு! மத்ததுல சாம்பலாட்டம் இருக்கும், இது கன்னங்கரேல்னு அடுப்புக்கரிய அரைச்சு அப்பினாப்ல. கையில ஒட்டினா போவல. கனமோ கனம், அவ்வளவு கனமான அழுக்க நான் அதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல, பின்னாடியும் பாத்ததில்ல. நடு நடுவுல கல்லு கெட்டியா இருக்குது, மீதி எடமெல்லாம் இந்தக் கருஞ்சேறு.

நாளைக்குச் சம்பந்தி வூட்டுக்காரங்க வர்றாங்கன்னா பாத்திரத்த எப்படித் தேய்ப்போம்? அப்படித் தேய்ச்சேன். தென்னநாரு போட்டு மொதல்ல ஒரு தேய்ப்பு. போவல. அப்பதான் அவரு சொன்னது ஞாபகம் வந்துச்சு, களிம்பு, செம்புக் குடம்னு. வூட்டுக்கு ஓடி ஒரு கொட்டாங்கச்சி நெறயப் புளிய எடுத்தாந்தேன். என் சொந்தப் புளி சார்! யாரும் கேக்கல, யாரும் குடுக்கல. புளியப் போட்டு அழுத்தித் தேய்ச்சு எட்டு குடம் தண்ணி ஊத்தினேன். எட்டாவது குடத்துலதான் தண்ணி தெளிஞ்சுது. அதுக்கப்புறம் பாக்கணுமே அந்தக் கல்ல! வெள்ளி மாதிரி ஜொலிக்குது, நடுவுல தங்கமாட்டம் பொட்டு பொட்டா. கோவிந்தம்மா கூட வாயப் பொளந்துட்டா.

ஏன் சார் எழுதறத நிறுத்திட்டீங்க? இன்னும் கதையே வரலையே, இனிமேதானே வயித்தெரிச்சல்.

மறுநாள் காலையில பெரிய ஆபீசர் வந்தாரு. பெட்டியத் தொறந்தாங்க. பட்டாபி சாரு மொகத்துல சந்தோசம், என்னைப் பாத்து ஒரு தலையாட்டல். ஆபீசர் டேப்ப எடுத்து அளக்கறார். அந்த ஒரு கொழாவுக்கு அஞ்சடி ஓட்டை போட்டிருக்கு, பெட்டியில மூணரை அடி கல்லுதான் இருக்கு. மறுபடியும் அளக்கறார். மூணரைதான். காணாமப் போன எடத்துக்கு இந்தப் பக்கம் ஜொலிக்குது, அந்தப் பக்கம் ஜொலிக்குது, நடுவுல ஒண்ணுமே இல்ல. "இருக்கறதுலயே நல்ல சரக்கு இந்த எடத்துலதானே இருந்திருக்கணும்? எங்க அது?"ன்னு கேட்டாரு. பட்டாபி சாரு மொகம் செத்துப் போச்சு.

என்னைக் கூப்புட்டாங்க. "கழுவினியா?" கழுவினேன். "அடுக்கினியா?" அடுக்கினேன். "அப்ப மீதிக் கல்லு எங்க?" எனக்குத் தெரியாதுங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. எப்படிக் கழுவினன்னு ஒருத்தன் கேட்டானா? கேட்டிருந்தா பெருமையாச் சொல்லியிருப்பேனே!

அன்னிக்கே வூட்டுல பூந்துட்டாங்க. அடுப்பக் கிளறினாங்க, கம்பு கொட்டி வெச்ச குதிரக் கவுத்துக் கொட்டினாங்க, புள்ளையத் தூக்கிட்டுத் தூளிய ஒதறினாங்க. ஒண்ணும் கிடைக்கல. கிடைக்கலன்னா விட்டுட்டாங்களா? போதாத காலம், அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு மூக்குத்தி வாங்கியிருந்தேன். மூணு மாசக் கூலியச் சேத்து வெச்சு, திருக்கோயிலூர்ல போய் வாங்கினது. இதோ, இதுதான். அன்னிக்கு ஊரே என் மூக்கத்தான் பாத்துச்சு. கல்லுல வெள்ளி இருந்துச்சாம், அத நான் ஆசாரிகிட்ட வித்துட்டேனாம். உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா?

எல்லாரும் சொன்னாங்க, அந்த மூக்குத்தியக் கழட்டிடுன்னு. எங்கம்மாவே சொன்னா. நான் கழட்டல. ஏன் கழட்டணும்? கழட்டினா நான் திருடினேன்னு ஆயிடும். முப்பத்தொம்போது வருசமா போட்டுக்கினுதான் இருக்கேன், செத்தாலும் இதோடதான் போவேன்.

அப்புறம் இன்னும் ரெண்டு ஓட்டை போட்டாங்க, தூரமா. ஒண்ணும் இல்ல. ஆடியில மூட்டையக் கட்டிட்டாங்க. ஏழாம் நம்பர் சரியா இருந்திருந்தா சுரங்கம் வந்திருக்கும்னு மிசின்காரன் ஒருத்தன் டீக்கடையில சொல்லிட்டுப் போயிட்டான். போனவன் போயிட்டான், கேட்டவங்க இங்கதானே இருக்காங்க? அன்னியில இருந்து கல்லுதிருடிதான் என் பேரு. ஊருல எவ வூட்டுல என்ன காணாமப் போனாலும், கோழி காணோம்னாலும், "பூங்காவனத்தக் கேளு"ம்பாங்க. என் பொண்ணப் பாக்க வந்தவங்க கிட்டயே ஒருத்தி போய்ச் சொல்லிட்டு வந்தா. நான் சும்மா விட்டேனா? அவ வூட்டு வாசல்ல நின்னு மூணு நாள் கத்தினேன்.

ஊரு கெடக்குது சார். வூட்டுக்காரர் நம்பலையே. வாய் தொறந்து திட்ட மாட்டாரு. ஆனா நான் வயலுக்குப் போனா தோண்டுவாரு. மாட்டுக் கொட்டாயில, அம்மிக்கல்லு அடியில, சாமி மாடத்துக்குக் கீழ. நான் திரும்பி வந்தா புது மண்ணு பூசியிருக்கும். அது மேல நான் சாணி போட்டு மெழுகிடுவேன். ஆறு வருசத்துக்கு முன்னாடி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கறாரு, மூச்சு வாங்குது. கையப் புடிச்சுக்கினு கேக்கறாரு, "இப்பவாவது சொல்லுடி, எங்க வெச்ச?" "எடுக்கல மாமா"ன்னேன். மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கினாரு. அந்த மொகம்தான் எனக்குக் கடைசி.

அதனாலதான் சொல்றேன். பூங்காவனம் திருடலன்னு எழுதிக் குடுங்க, கையெழுத்து வாங்கிக்கினு போங்க.

என்ன கேட்டீங்க? கழுவின தண்ணியா? எங்க ஊத்தினேனா? இது ஒரு கேள்வியா சார்? இதோ, வூட்டுக்குப் பின்னால. அப்ப கெணத்தடியிலதான் கழுவுவேன், தண்ணி ஓடி அந்தப் பள்ளத்துல போய் நிக்கும். அதான் சார், அந்த மொட்டையா கெடக்குதே, அந்த எடம். அங்க என்ன வெச்சாலும் வராது. வாழ வெச்சேன், பட்டுப்போச்சு. முருங்கக் கொம்ப ஒடிச்சு நட்டா எங்கயும் வரும், அங்க வரல. கன்னுக்குட்டி அந்தப் பக்கம் மோந்துகூடப் பாக்காது. கண்ணேறு பட்ட எடம்னு விட்டுட்டேன்.

எங்க எந்திரிச்சீங்க? கடப்பாரையா? கதவுக்குப் பின்னால இருக்கு. பாத்து, கால்ல போட்டுக்காதீங்க. நீங்களும் தோண்டறீங்களா? தோண்டுங்க, ஆசை தீரத் தோண்டுங்க. என் வூட்டுக்காரர் தோண்டாத எடம் அது ஒண்ணுதான்.

குடுங்க, கையில அள்ளிப் பாக்கறேன். ஆமா. அந்தச் சேறேதான். அதே கருப்பு. மண்ணுக்கு அடியில இன்னும் அப்படியே கெடக்குதா? பூதக்கண்ணாடி வெச்சு என்ன பாக்கறீங்க? ஏன் சார் என் மொகத்தப் பாக்க மாட்டேங்கறீங்க?

என்ன சொன்னீங்க? மறுபடியும் சொல்லுங்க.

இதுவா? இந்தச் சேறா? இதுதான் அந்தச் சரக்கா?

கெட்டிக் கல்லாத்தான் இருக்கணும்னு இல்லையா? பூமிக்குள்ள நொறுங்கி, பொடியாகி, சேறாட்டமே வருமா? ஈயமும் செம்பும் இதுக்குள்ளயா இருக்கு? அதனாலதான் அந்தக் கனமா?

ஐயோ. ஐயோ சாமி.

எட்டு குடம் ஊத்தினேனே சார். என் புளியப் போட்டுத் தேய்ச்சேனே.

இருங்க. தண்ணி வேணாம். தொடாதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். கொஞ்ச நேரம் அழுதுக்கறேன், அழுதா என்ன? எடுத்தவளும் நான்தான், எடுக்காதவளும் நான்தான். இங்கயே கெடந்திருக்கு. மாமா, படுத்துக் கெடந்து கேட்டியே, எங்க வெச்ச எங்க வெச்சன்னு. உன் கண்ணு முன்னாடிதானே ஊத்தினேன்! நீதானே கொட்டினே, நீதானே சேறுன்னு சொன்னே!

சரி. போதும். அழுதாச்சு.

என்ன எழுதறீங்க? படிங்க. "கூலியாள் அறியாமையால் கழுவி வீணாக்கிவிட்டார்." அடிங்க சார் அத! சிவப்பு மையில அடிங்க. யாருக்கு அறியாமை? பொட்டு சேறு இருக்கக் கூடாதுன்னு சொன்னவருக்குக் கண்ணாடி இருந்துச்சு, படிப்பு இருந்துச்சு. கொழா வர்ற நேரத்துல அவரு ஏன் அங்க இல்ல? பெரிய மனுசன் வர்றாருன்னு விழுப்புரத்துல போய் நின்னாரே, அது யாரு தப்பு? அளக்கத் தெரிஞ்ச ஆபீசருக்கு, எப்படிம்மா கழுவினன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையே, அது என்னவாம்? கழுவச் சொன்னது அவங்க, கழுவினது நான். நான் செய்யலன்னு சொல்லல. மறைக்கவும் இல்ல. சொன்ன வேலைய சொன்னதுக்கு மேல செஞ்சேன், அதுக்குத் திருடின்னு பேரு வாங்கினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எழுதுங்க, நான் சொல்றேன். "ஏழாம் நம்பர் ஓட்டையில ஒண்ணரை அடி கல்லு திருட்டுப் போகல. ஒரு பொட்டு சேறு இருக்கக் கூடாதுன்னு கழுவச் சொன்னாங்க. பூங்காவனம் கழுவினா. சேறா வந்தது சரக்குன்னு அவளுக்கு யாரும் சொல்லல. அது அவ வூட்டுக்குப் பின்னாடிதான் இருக்குது." தேசிங்கு பொண்டாட்டி பூங்காவனம்னு போடுங்க. அவரும் அதுல இருக்கட்டும்.

ஆங்? லேபுல குடுத்துப் பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்ல முடியுமா? பாருங்க, தாராளமாப் பாருங்க. லேபுக்குப் போறது போகட்டும். திருடலன்னு எழுதறதுக்கு எந்த லேபு வேணும்?

எழுதிட்டீங்களா? கீழ உங்க கையெழுத்து. தேதி. ம்.

இருங்க, இன்னும் நான் போடல. இன்னிக்கு ரேசன் கடையில சக்கரை போடறாங்க, ஊரே அங்கதான் வரிசையில நிக்குது. கோவிந்தம்மாவும் நிப்பா, கோலு ஊணிக்கினு. வாங்க, அங்க வந்து நின்னு இத சத்தமாப் படிங்க. உங்க கம்பெனிக்காரங்க வாயால அவங்க காதுல விழணும். படிச்சு முடிச்ச கையோட அங்கயே, அவங்க கண்ணு முன்னாடியே கையெழுத்துப் போடறேன். அப்புறம் உங்க மிசின நாளைக்கே கொண்டாங்க. பெட்டிகிட்ட நான்தான் உக்காருவேன், சொல்லிட்டேன். வேற எவளும் கழுவக் கூடாது.

லேபுக்குன்னு சேறு அள்ளி வெச்சீங்களே, அந்தச் சட்டியக் குடுங்க, நான் தூக்கிக்கறேன். கனமாத்தான் இருக்கும், எனக்குப் பழக்கம். நீங்க காயிதத்தப் பத்திரமாப் புடிச்சுக்கினு முன்னால நடங்க.

என்ன சார்? என் கை பூரா கருப்பா இருக்குதா, கழுவிட்டு வரலாமாவா?

வேணாம். இப்படியே வரேன்.